எந்த ஜமாப்பா நீ?

பெரியப்பா எழுந்து நின்றார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பணம் போனது போனதுதான். 40,000 ரூபாயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகையை ஏதோ ஒரு கணக்கில் முடக்கி வைத்திருக்கிறார்கள், வரும் என்கிறார்கள், பார்க்கலாம். ஆனால் 71 வயது மனிதர், தன் வீட்டுத் திண்ணையறையில், கைபேசியில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்த உடனே கயிற்றுக் கட்டிலைவிட்டு எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் காய்ந்துகொண்டிருந்த முந்திரிக்கொட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரியப்பா கூத்தாடி. பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற திரௌபதியம்மன் கோயில்களில் பாதிக்கு மேல் அவர் சலங்கை கட்டியிருக்கிறார். 14 வயதில் ஜமாவில், அதாவது கூத்துக்குழுவில் சேர்ந்து, முதல் இரண்டு வருஷம் திரை மட்டும் பிடித்து, அப்புறம் ஸ்திரீ வேஷம், மீசை முளைத்ததும் துச்சாதனன், உடம்பு கனத்ததும் துரியோதனன் என்று போனவர். முழங்கால் போன பிறகு ஏழெட்டு வருஷமாக வாத்தியாராக உட்கார்ந்து தாளம் போடுகிறார். அப்பேர்ப்பட்ட துரியோதன மகாராஜா, தொப்பி போட்ட ஒருத்தனுக்கு இடுப்பில் துண்டு கட்டினார்.

நடந்ததை நீட்டி முழக்க வேண்டியதில்லை, இப்போது இந்தக் கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் மும்பையில் தப்பான காரியத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்று ஒருவன். அவனிடமிருந்து வாங்கி, தமிழ் பேசும் 'இன்ஸ்பெக்டர்' ஒருவன். வீடியோவில் வா, நீ டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறாய், அறையைவிட்டு நகரக்கூடாது, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது. முந்திரி விற்ற காசு வந்து விழட்டும் என்று என் அக்காள் போட்டுக்கொடுத்த ஜீபே வழியாக 40,000 அன்று மாலையே போய்விட்டது. பேத்தி கல்யாணத்துக்கு என்று போட்டிருந்த டெபாசிட்டை மறுநாள் காலை வங்கியில் உடைத்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. ராத்திரி முழுக்க கேமரா அணைக்கக்கூடாது. அவரும் அணைக்கவில்லை. விடிய விடிய முழித்திருப்பது கூத்துக்காரனுக்குப் பழகிய காரியம்தானே, அது வேறு அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

விடியற்காலை ஐந்தேகால், ஐந்தரை இருக்கும். சாணி தெளிக்க எழுந்த பெரியம்மா திண்ணையறையில் வெளிச்சம் பார்த்து உள்ளே போயிருக்கிறார். பெரியப்பா உதட்டில் விரல் வைத்துப் 'பேசாதே' என்று சைகை காட்ட, பெரியம்மா எட்டிப் பார்த்தால் கைபேசிக்குள் போலீஸ் உடுப்பில் ஒரு ஆள், பின்னால் நீலத்துணி, அதில் ஒரு சின்னம். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் அப்படியில்லை. ஆடித் திருவிழாவுக்குத் தாம்பூலம் கொடுத்து ஆட்டத்துக்கு அழைக்க எவனோ நாடகக்காரன் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு, கைபேசியைக் கையில் வாங்கி, "எந்த ஜமாப்பா நீ? வாத்தியாரு யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பக்கம் பதில் இல்லை. "எந்த ஊரு? உங்கப்பா பேரு இன்னா?" என்று மறுபடியும் கேட்டார். அவன் ஏதோ அதட்டியிருக்கிறான், பெரியம்மாவுக்குக் கேட்கவில்லை, அதனால் இன்னும் சத்தமாக அதே கேள்வி. லைன் அறுந்துவிட்டது. திரும்ப அவர்கள் கூப்பிடவே இல்லை.

தெரிந்தேதான் நின்றேன்

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போட்டதும், கடலூருக்கு அலைந்ததும் வேறு கதை. நான் புதுச்சேரியில் ஒரு வங்கிக் கவுன்டரில் உட்காருகிறவள். இந்த வகை மோசடி பற்றி எங்கள் கிளைச் சுவரில் நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் வானொலியில் இதைப் பற்றியே பேசினார், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது என்று. அப்படியிருந்தும் என் வீட்டு ஆள் ஒருவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவருக்குச் சமாதானம் சொல்ல உட்கார்ந்தேன். "விடுங்க பெரியப்பா. நீங்க போடறதும் வேஷம், அவன் போட்டதும் வேஷம். கூத்துல பாக்கறவங்களுக்கு அது வேஷம்னு தெரியும். இதுல தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம், உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "தெரியாதுன்னு யார் சொன்னது? தொப்பியப் பார்த்ததுமே தெரிஞ்சுது பாப்பா. ஆபீசுக்குள்ள நாற்காலியில உக்காந்துகினு எவனாவது தொப்பி போட்டுக்குவானா? குரல்ல ஏத்த எறக்கம் இல்ல. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறான். நம்ம ஜமாவுல இருந்தா திரை பிடிக்கக்கூட விடமாட்டேன். தெரிஞ்சேதான் நின்னேன்."

தெரிந்தால் ஏன் நிற்க வேண்டும்? அந்தக் கேள்வி அன்றைக்கு என்னோடு பஸ் ஏறி புதுச்சேரி வரைக்கும் வந்தது, இன்னும் இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் என் வித்தியாசம் கூத்துக்கும் பொருந்தவில்லை. துகில் ராத்திரியை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். திரௌபதி வேஷத்தில் இருப்பது பக்கத்துத் தெரு அண்ணன், பகலில் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் ஏற்றுகிறவர் என்பது கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கடைசிக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் துச்சாதனன் முந்தானையில் கை வைக்கப்போகும் நேரத்தில் மத்தளம் நின்று, கற்பூரம் ஏற்றுவார்கள். பெரியப்பா அதுவரை உறுமிக்கொண்டிருந்த உறுமலை நிறுத்திவிட்டு, கிரீடத்தோடு அம்மன் பக்கம் திரும்பி விழுந்து கும்பிட்டு, 'வேஷத்துக்காகச் செய்யறேன் தாயே' என்று மன்னிப்புக் கேட்பார். அன்று பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்தில் சிவப்பாக இறங்கும், கிரீடத்துக் கயிறு இறுக்கிய இடத்தில் நெற்றியில் தடிப்பு ஏறியிருக்கும். அப்புறம் எழுந்து, மறுபடியும் உறுமி, சேலையைப் பிடிப்பார். பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். ஒரு வருஷம் ஒரு கிழவி கைநிறைய மண்ணை வாரி அவர் மேல் எறிந்தாள். விடிந்ததும் அதே கிழவி சொம்பில் காபி கொண்டுவந்து கொடுத்து, "ராத்திரி கண்ணுல ஏதும் பட்டுதாப்பா?" என்று விசாரித்தாள். அவளுக்கு வேஷம் என்று தெரியுமா தெரியாதா? இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல முடிகிறது.

புதுச்சேரி கருவடிக்குப்பம் இடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922 நவம்பர் 13 அன்று அவர் இறந்தது இந்த ஊரில்தான். தமிழ் நாடகக்காரர்களுக்கு அவர் தலைமை ஆசிரியர் மாதிரி. எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயங்கர வேஷங்களாகவே கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் நடிப்பதையே விட்டுவிட்டு, எழுதுவதும் பயிற்றுவிப்பதுமாக ஒதுங்கினார். காரணமாகச் சொல்லப்படும் கதை நாடகக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சனீஸ்வரன் வேஷம் முடிந்து, விடியற்காலையில் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம், அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று அந்த உருவத்தைப் பார்த்து அதிர்ந்து, உயிரே போய்விட்டதாம். அதே மேக்கப், அதே மனிதர், அதே ராத்திரி. கொட்டகைக்குள் கைதட்டல் வாங்கிய வேஷம், ஆற்றங்கரையில் தனியாக ஒரு பெண் முன்னால் வந்து நின்றபோது வேறு ஒன்றாகிவிட்டது. அவருக்கு ஏமாற்றும் எண்ணம் துளிகூட இல்லை. முன்னால் ஒரு திரையும் இல்லை, அதை விலக்கி 'இன்னார் வருகிறார்' என்று சொல்ல ஆளும் இல்லை.

தனியறை

வேஷத்துக்கு எழுந்து நிற்பது எங்கள் பக்கத்து மண்ணில் பழைய வியாதி. திருக்கோவிலூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், பழைய தென்னாற்காட்டுக்காரர்களுக்கு அதெல்லாம் ஒரே வீடு. அங்கே ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். போரில் திரும்பத் திரும்பத் தோற்ற முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, சடை கட்டி, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு வருகிறான். 'மைபொதி விளக்கே என்ன' என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். வெளியே வெளிச்சம், உள்ளே கறுப்பு. ராஜா எழுந்து வணங்குகிறார். இத்தனை வருஷமாக நான் கவனிக்காமல் விட்ட இடம் அதற்கு அடுத்து வருகிறது. யாரிடமும் இல்லாத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், அதைச் சொல்ல வேண்டுமானால் உன் மனைவி இங்கே இருக்கக்கூடாது, தனி இடம் வேண்டும் என்று கேட்கிறான் முத்தநாதன். ராணி அந்தப்புரத்துக்கு அனுப்பப்படுகிறாள். அப்புறம்தான் கத்தி வெளியே வருகிறது. 12-ஆம் நூற்றாண்டுக் காவியத்தில் 'பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாது' என்ற அதே வசனம். படித்தபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

காவலுக்கு நின்ற தத்தன் உள்ளே பாய்ந்து வாளை ஓங்குகிறான். குத்துப்பட்ட ராஜா அவனைத் தடுத்து, 'தத்தா, நமர்' என்கிறார். நம்மவர், விட்டுவிடு. இதைப் பக்தியின் உச்சம் என்று கொண்டாடுவார்கள், கொண்டாடட்டும். எனக்கென்னவோ தத்தன் மேல்தான் மனசு போகிறது. சந்தேகப்பட்டவன் அவன் ஒருவன், அவனையே கொலைகாரனை ஊர் எல்லை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவரச் சொன்னார்கள்.

அதே பெரியபுராணத்தில், அதே சுற்றுவட்டாரத்தில் இன்னொரு மாறுவேஷம். சுந்தரர் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். இன்றைக்கு யாராவது இப்படி வந்தால் நேராக மோசடிப் புகார்தான். சுந்தரரும் சும்மா இருக்கவில்லை, துரத்திப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது, திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வா என்கிறார். அங்கே பெரியவர்கள் கூடி, பாட்டன் கையெழுத்துள்ள வேறு ஓலையை எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தினம் நான் கவுன்டரில் செய்கிற வேலை! எழுத்து ஒத்துப்போகிறது. தீர்ப்பும் கிழவர் பக்கம். அதற்கப்புறமும் விடவில்லை, இந்த ஊர்க்காரர் என்கிறீரே, உம் வீடு எது, காட்டும் என்கிறார்கள். கிழவர் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். வந்தது சிவபெருமானே ஆனாலும், பத்துப்பேர் நடுவில் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். சுந்தரரை ஒரு அறைக்குள் தனியாகக் கூட்டிப்போகவில்லை.

எங்கள் புதுச்சேரியே ஒரு காலத்தில் மாற்றுப் பெயர்களின் ஊர்தான். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து இறங்கியபோது பயணச்சீட்டில் வேறு பெயர். அதே வருஷம் வ.வே.சு. ஐயர் முஸ்லிம் வேஷத்தில் வந்து சேர்ந்தார். அதற்கு முன், லண்டனிலிருந்து சீக்கியர் வேஷத்தில் தப்பிய பயணத்தில், பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டி ஒற்றன் மடக்கியபோது, அது வீர விக்ரம் சிங், என் பெயர்தான் என்று அவர் சமாளித்த கதையை இங்கே டீக்கடையில்கூடச் சொல்வார்கள். அவர்களும் ஆள்மாறாட்டம்தான் செய்தார்கள். ஆனால் கேள்வி கேட்கப்பட்டவர்கள் அவர்கள். பதில் சொல்லித் தப்ப வேண்டிய கஷ்டம் வேஷம் போட்டவர் தலையில் இருந்தது.

யார் கேட்கிறார்கள்

வேஷத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு மத்தியானம் புரட்டிப் பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 319-ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு, 5 ஆண்டு வரை சிறை. யாராக நடிக்கிறானோ அப்படி ஒரு ஆள் உண்மையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கற்பனை ஆளாக இருந்தாலும் குற்றம்தான். அரசு ஊழியராக நடித்து அந்த வேஷத்தில் ஒரு காரியம் செய்தால் 204, குறைந்தது 6 மாதம், அதிகம் 3 ஆண்டு. வெறும் உடுப்பு மாட்டி நம்பவைக்கப் பார்த்தால் 205, 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உடுப்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைத்தான் சட்டம் பார்க்கிறது, அதனால் நாடகப் போலீஸ் தப்பித்தார். எல்லாம் சரி. ஆனால் பெரியப்பா ஏன் எழுந்து நின்றார் என்பதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

பதில் மாதிரி ஒன்று எனக்குக் கிடைத்தது கவுன்டரில்தான். நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வரும் மாதம். ஒரு பெரியவருக்கு ரேகை விழவே இல்லை. விரலைத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடியும் வைத்து, மறுபடியும் சிவப்பு. "பேரு சொல்லுங்க… அப்பா பேரு… பிறந்த தேதி… எந்த ஊரு?" என்று நான் கேட்டுக்கொண்டே போகிறேன், அவர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிகிறார். நாலாவது கேள்வியில், தன்னையறியாமல், நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. நான் அதட்டவில்லை, சத்தியமாகச் சாதாரணமாகத்தான் கேட்டேன். "உக்காருங்க ஐயா" என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கூத்தில் ஒரு வேஷம் எப்படிச் சபைக்கு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடிப்பார்கள். பின்னாலிருந்து திரை விருத்தம், சலங்கைச் சத்தம், மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். திரை விலகியதும் ராஜா வாய்க்கு வந்தபடி ஆட முடியாது. கட்டியக்காரன் குறுக்கே வந்து நிற்பான். கோமாளிதான், கிழிந்த சட்டைதான், ஆனால் அவன் கேட்பான்: யாரு நீங்க, எந்த தேசம், உங்க பேர் என்ன, எதுக்கு இங்க வந்தீங்க? பதினொரு அக்குரோணி சேனை வைத்திருந்தாலும் ராஜா நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.  வேஷம் போட்டவனிடம், வேஷம் போடாதவன் கேட்கிற கேள்வி அது. அந்த மும்பைக்காரன் திருப்பிப் போட்டது இந்த ஒன்றைத்தான். வேஷம் போட்டது அவன், 'நீ யார், உன் அப்பன் பெயர் என்ன, நிரூபி' என்ற கேள்வி பெரியப்பாவுக்கு. நாங்களெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, ஜனங்களை அந்தக் கேள்விக்கு எழுந்து நிற்கப் பழக்கி வைத்திருக்கிறோம். அவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீ கட்டியக்காரி வேலை பார்த்திருக்கே பெரியம்மா" என்றேன். அவருக்கு அது பெருமையாகவெல்லாம் படவில்லை. "நல்ல துணி பின்னால கட்டியிருந்தான். எந்த ஜமான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல" என்றார்.

இந்த ஆடியில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கீசக வதம் அன்று. பீமன் வேஷக்காரர் சமையற்காரனாக நடித்து, அந்தச் சமையற்காரன் பெண்ணாக நடித்து, கீசகனைக் கொல்லக் காத்திருக்கும் ராத்திரி. கூத்து தொடங்கும் முன் கொட்டகையில் அரிதாரம் பூசும் பாயோரம் நானும் உட்கார்ந்திருந்தேன். கட்டியக்காரன் வேஷம் போடுகிற பையன் பெரியப்பாவின் சிஷ்யன். கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டே, "வாத்தியாரே, அந்த போன் விஷயத்த இன்னிக்கு எடுத்து உடட்டுமா? ஜனங்க நல்லா சிரிப்பாங்க" என்று கேட்டான்.

பெரியப்பா தாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உடு. பணம் போனதச் சொல்லு, உங்க பெரியம்மா கேட்டதச் சொல்லு. நான் எழுந்து நின்னத மட்டும் சொல்லாத" என்றார்.

அவன் தலையாட்டிவிட்டு மை எடுக்கப் போனான். நான் இதையெல்லாம் எழுதப்போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தேன், அதனால் மெதுவாகக் கேட்டேன், நானும் விட்டுவிடட்டுமா என்று.

"நீ எழுது" என்றார். "அங்க சொன்னா சிரிப்பாங்க."

வெளியே மத்தளம் கேட்டது. திரை பிடிக்க ஆள் தேடிக்கொண்டு யாரோ ஓடினார்கள்.